செத்த சென்சார் பேசுகிறது

ஜூன் 4, செவ்வாய்

இன்று ஒரு கூத்து நடந்தது. சும்மா ஒரு சோதனைக்காகப் பேட்டரியின் அளவைப் பாதியாகக் குறைத்து நிரலை ஓடவிட்டேன். செய்திகள் ஒன்றுவிடாமல் வந்து சேர்ந்தன. கால்வாசியாக்கினேன். அப்போதும் வந்தன. எரிச்சலில் பூஜ்யம் என்றே போட்டேன். உயிரே இல்லாத சென்சார்கள் ஜோராகச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன!

எங்கேயோ உதைக்கிறது.

ஜூன் 5

பேட்டரிக் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தாயிற்று. தப்பில்லை. அப்படியானால் எங்கே?

குழம்பும்போது எனக்கு நானே முதலிலிருந்து சொல்லிக்கொள்வது வழக்கம். மலைச்சரிவு நிஜம். அதன் அடியில் இருக்கும் வீடுகள் நிஜம். சென்சார்கள் மட்டும் இன்னும் கிடங்கில், அட்டைப்பெட்டிக்குள். மழைக்கு முன் சரிவெங்கும் புதைக்க வேண்டும். மண் அசைந்தால் ஒன்று அடுத்ததிடம் சொல்ல, அது அதற்கடுத்ததிடம் சொல்ல, கடைசியில் பள்ளிக்கூட மாடியிலுள்ள பெட்டிக்குச் செய்தி போய்ச் சைரன் அலறும். புதைக்கும் முன் இதையெல்லாம் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்ப்பதுதான் என் வேலை. நிரலின் பெரும்பகுதி எங்கள் குழுத் தலைவர் சார் எழுதியது. மழைக்காலம் முழுக்கப் பேட்டரி தாங்கும் என்று அது முடிவு சொல்ல, அதிகாரிகளும் தலையாட்டிவிட்டார்கள்.

ஜூன் 6

பிடித்துவிட்டேன். பிடிக்காமலே இருந்திருக்கலாம்.

ஒவ்வொரு செய்திக்கும் பேட்டரியில் இவ்வளவு குறை என்று நிரல் ஒழுங்காகக் கழிக்கிறது. மீதி இருக்கிறதா என்று மட்டும் கேட்பதே இல்லை; தன் செய்தியை அனுப்பும்போதும் சரி, அடுத்தவர் செய்தியை வாங்கிக் கைமாற்றும்போதும் சரி. செத்தது செத்தபடியே தபால்காரர் வேலை பார்க்கிறது. பாதையையும் தொடக்கத்தில் ஒருமுறை போட்டதோடு சரி, மாற்றுவதே கிடையாது.

அந்தக் கேள்வியைச் சேர்த்து ஓட்டினேன். பெட்டிக்கு அருகில் இருப்பவைதான் எல்லாச் சுமையையும் தூக்குகின்றன. அவை முதலில் சாகின்றன. மழை உச்சத்தில் இருக்கும்போது சரிவின் மேற்பகுதி முழுக்க ஊமை. மண் முதலில் அசையக்கூடிய இடமே அதுதான்.

அக்கா வீடு பின்வரிசையில். சரிவை ஒட்டியது. போன மாதம் போயிருந்தபோது என்ன சொன்னேன்? “இனிமே பயமே வேணாம் மாமா, மண்ணு அசைஞ்சா உடனே சைரன் அடிச்சிடும்.” மாமா வேறு வீடு தேடுவதை அன்றோடு நிறுத்தினார்.

என் பேச்சை நம்பி.

ஜூன் 7

சாரிடம் காட்டினேன். முகம் சுருங்கிவிட்டது. “நீங்க எதையாவது மாத்திட்டீங்களா?” என்றார். இல்லை என்றேன். “எல்லாரும் பாத்து ஓகே பண்ணினதும்மா இது.” எழுந்து போய்விட்டார். காபி கோப்பை அப்படியே ஆறிக் கிடந்தது.

எனக்கு அழுகையா கோபமா, தெரியவில்லை.

ஜூன் 8

அவர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

ஜூன் 10, திங்கள்

எனக்கு முன்பே வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யவில்லை.

“வீட்டுல ஓட்டிப் பாத்தேன். நீங்க சொன்னதுதான் சரி” என்றார். திரையில் அந்த இடத்தைக் காட்டி, “அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தப்போ ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து எழுதின பகுதி அது. நாளைக்குச் சேத்துக்கலாம்னு விட்டிருக்கேன். அந்த நாளைக்கு வரவே இல்ல.”

அவர் அப்பா அந்த ஆபரேஷனிலிருந்து மீளவில்லை. எங்கள் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அதிகாரிகளிடம் நானும் வருகிறேன் என்றதற்கு, “வேணாம்மா. என் தப்பு. நான் போய்ச் சொல்லிக்கறேன். நீங்க இதைச் சரி பண்ற வழியைப் பாருங்க.”

ஜூன் 11

நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். புதைக்கும் வேலை தள்ளிப்போகிறது. “திட்டினாங்க. ஆனா கேட்டுக்கிட்டாங்க” என்றார்.

மாலையில் அக்கா வீடு. எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. “நான் சொன்னது தப்பு மாமா” என்று உளறினேன்.

மாமாவுக்குக் கோபம். “போன மாசம் ஒண்ணு சொன்னே, இந்த மாசம் ஒண்ணு சொல்றே. எதைத்தான் நம்புறது?”

“இந்த மாசம் சொல்றதை.”

அவர் சிரிக்கவில்லை. அக்காதான், “அவளே வந்து சொல்றாளே, அவளுக்கு மட்டும் ஆசையா?” என்றாள். கடைசியில் பிள்ளைகளை மட்டும் என்னோடு அனுப்பச் சம்மதித்தார். வீடு தேடலும் மறுபடி தொடங்கும்.

ஜூன் 14

செத்ததை விட்டுச் சுற்றுப்பாதை தேடும்படி மாற்றினோம். இப்போது புது வியாதி: எல்லாம் சடசடவென்று செத்துவிழுகின்றன. பார்த்தால், இரண்டு சென்சார்கள் ஒரே செய்தியை “நீயே சொல்லு”, “இல்ல, நீயே சொல்லு” என்று மாற்றி மாற்றித் தள்ளிவிட்டே பேட்டரியைத் தீர்த்திருக்கின்றன. கல்யாண வீட்டில் பில் கொடுக்க வந்த சம்பந்திகள் மாதிரி என்றேன். பல நாளுக்குப் பிறகு சார் வாய்விட்டுச் சிரித்தார்.

ஜூன் 19

தன்னைவிடப் பெட்டிக்குக் கிட்டே இருப்பதிடம் மட்டுமே கைமாற்றலாம் என்று விதி. சரிவின் மறுகோடியில், சைரனோடு இணைத்த இன்னொரு பெட்டி. சுமை பிரிந்தது. மழைக்காலம் தாங்குகிறது. இந்த முறை பூஜ்யம் போட்டுப் பார்த்தேன் – மயான அமைதி. அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் கேட்டதில்லை.

ஜூலை 9

புதைத்து முடித்தோம். முழங்கால்வரை சேறு. மாமா மண்வெட்டியோடு வந்து குழி வெட்டிக் கொடுத்தார். வீடு இன்னும் அமையவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

மதியம் சைரன் அடித்ததாம். நான் அலுவலகத்தில். அக்காவின் எண்ணை இரண்டு முறை தப்பாகப் போட்டேன். அவளே அழைத்தாள்.

“பள்ளிக்கூடத்துல இருக்கோம்டி. தெருக்காரங்க எல்லாரும். அடுப்பை அணைச்சேனான்னுதான் ஞாபகமே இல்ல.”

பின்னால் மாமாவின் குரல்: “சமையலறையே மண்ணுக்குள்ள போயிடுச்சு, இவ அடுப்பைத் தேடுறா!”

போனை வைத்துவிட்டு நானும் சாரும் பதிவைத் திறந்தோம். நடுவில் இரண்டு சென்சார்கள் ஏற்கெனவே செத்துக் கிடந்தன. ஒன்றுக்குள் தண்ணீர் புகுந்திருக்க வேண்டும். செய்தி அவற்றை விட்டு, ஓரமாகச் சுற்றி, மறுகோடிப் பெட்டிக்கு வந்திருக்கிறது. சார் அந்தப் பாதையைத் திரையில் விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று போனவர் வர நேரமாயிற்று.

அக்காவும் மாமாவும் வந்துவிட்டதில் இப்போது என் வீட்டில் கால் வைக்க இடமில்லை. பிள்ளைகள் அம்மாவை விட்டு நகர மறுக்கிறார்கள். மாமா நாளையிலிருந்து மும்முரமாக வீடு தேடப் போகிறாராம்.

“ஒண்ணும் அவசரமில்ல மாமா” என்றேன்.