எலுமிச்சை சாதத்தில் மஞ்சள் கரு

நாமக்கல்
16.11.2025

அன்பு வினோதினிக்கு, த்ரிசலா எழுதுவது.

நலமா என்று கேட்க மாட்டேன். நீ நலமாகத்தான் இருப்பாய். பள்ளிக்கூடத்தை விட்டுப் போக வேண்டியிருந்தது எனக்குத்தானே. இந்த விடுதியில் போன் கூடாது. கடிதம் எழுதலாம், யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

இரவுச் சாப்பாடு ஏழரைக்கு. ஜைன வீட்டுப் பெண், இருட்டினால் சாப்பிட மாட்டாள் என்று அப்பா சொல்லிவைத்ததால் எனக்கு மட்டும் ஐந்தரைக்கே போடுகிறார்கள். இருநூறு பேர் உட்காரும் கூடத்தில் நான் ஒருத்திதான். சாதத்தில் மோரை ஊற்றி, ஒவ்வொரு கவளத்தையும் விரலால் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறேன். சினேகா பழக்கிவிட்ட பழக்கம்.

உனக்கு மறந்திருந்தால் மறுபடி எழுதுகிறேன். என் எலுமிச்சை சாதத்தில் அவித்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்துக் கலந்தாள். நிறம் ஒன்றாக இருந்ததால் பாதி டப்பா சாப்பிட்டுவிட்டேன். அப்புறம் முட்டை ஓட்டைத் தூக்கிக் காட்டி, "சாமியாரம்மா, முட்டை ருசியா இருந்துச்சா?" என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் கலக்கும்போது எடுத்த வீடியோ வகுப்புக் குழுவில் போனது. எச்.எம். என்ன சொன்னார்? "வீடியோல கை மட்டும்தான் தெரியுது. கண்ணால பாத்தவங்க யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க." கோயில் பக்கத்தில் மூன்று லாட்ஜ் வைத்திருப்பவர் மகளைப் பற்றி வேறு என்ன சொல்வார்?

எனக்காக அம்மா மூன்று நாள் உபவாசம் இருந்தாள். தப்பு செய்தவள் பிரியாணி தின்கிறாள், என் அம்மா பட்டினி கிடக்கிறாள். இதை நான் விடப் போவதில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் என் டப்பாவைத் திறந்ததை நீ பார்த்தாயா?

உன் தோழி,
த்ரிசலா


திருவண்ணாமலை
23.11.2025

என் செல்ல த்ரிசலாவுக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்ததும் அப்பா கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்து வெலவெலத்துப் போனார். உன் பெயரைப் பார்த்த பிறகுதான் ஆட்டோவை எடுத்தார். தீபத்துக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. ஊருக்குள் இப்போதே வண்டி நகரவில்லை.

நீ இல்லாமல் எனக்குப் பொழுதே போகவில்லை டி. உன் இடத்தில் கீதாஞ்சலி உட்காருகிறாள். சினேகாவை லீடர் ஆக்கிவிட்டார்கள், சொன்னால் நீ காறித் துப்புவாய். திங்கட்கிழமை எல்லார் முன்னாலும், "ஒருத்தி போனதுல கிளாஸ்ல காத்து நல்லா வருதுல்ல?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. திறந்தால் அடுத்து நான்தான்.

நீ கேட்டதற்குப் பதில்: நான் பார்க்கவில்லை டி. தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். பார்த்திருந்தால் சும்மா விட்டிருப்பேனா?

வேளாவேளைக்குச் சாப்பிடு. இளைத்துப் போகாதே.

என்றும் உன்னை நினைக்கும்,
வினோதினி


நாமக்கல்
30.11.2025

வினோதினிக்கு,

பார்க்கவில்லை என்கிறாய். சரி.

அவள் லீடர் ஆனதைப் படித்துவிட்டுக் கணக்குப் பரீட்சையில் பாதி பேப்பரை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். பெரியவர்கள் யாரும் எதுவும் செய்யப் போவதில்லை. நாம்தான் செய்ய வேண்டும். நான் இங்கே இருப்பதால் நீதான் செய்ய வேண்டும்.

டிசம்பர் நடுவில் சினேகா அம்மனுக்கு மாலை போடுவாள். போன வருஷம் சிவப்புச் சுடிதாரில் வந்து, "மேல படாத, தள்ளி நில்லு" என்று எல்லாரையும் விரட்டினாளே. அந்த நாட்களில் முட்டை வாசனைகூட அவளுக்கு ஆகாது. ஒரு முட்டை போதும். மஞ்சள் கருவை மட்டும் எடுத்துத் தூளாக உதிர்த்து அவள் சாப்பாட்டில் கலந்துவிடு. பாதி சாப்பிடும் வரை காட்டிக்கொள்ளாதே. பாதி வயிற்றுக்குள் போன பிறகு தெரிந்தால்தான் வலிக்கும். அது எனக்குத் தெரியும்.

அவள் அழுததை ஒன்றுவிடாமல் எனக்கு எழுது. உன்னால் முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடு, எனக்கு அந்த ஊரில் தோழி யாரும் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

த்ரிசலா


திருவண்ணாமலை
17.12.2025

த்ரிசலா,

இன்றைக்கு நடந்ததை இன்றைக்கே எழுதிவிடுகிறேன். நாளைக்கு எழுதினால் எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

காலையில் அம்மாவுக்குத் தெரியாமல் முட்டை அவித்தேன். நீ சொன்ன மாதிரி தூளாக்கி, காகிதத்தில் மடித்து, ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டு போனேன். பி.டி. பீரியடில் எல்லாரும் மைதானத்துக்குப் போனதும் வகுப்புக்குத் திரும்பி வந்து, மாலை போட்டிருக்கும் சினேகாவின் டப்பாவைத் திறந்தேன். புளி சாதம். காகிதத்தையும் பிரித்துவிட்டேன். நிமிர்ந்தால் வாசலில் கீதாஞ்சலி நிற்கிறாள். என் கையைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

த்ரிசலா, அன்றைக்கு நானும் அப்படித்தான் நின்றேன். தண்ணீர் பிடிக்கப் போனேன் என்றது பொய். அவள் உன் டப்பாவில் கலந்ததை முழுசாகப் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். அப்புறம் நீ சாப்பிட்டதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்பாய். ஆறு மாதம் என்னைக் குண்டு பன்னு என்று கூப்பிட்டு, என் பையில் சாக்பீஸ் தூளைக் கொட்டினார்கள். உன்னைப் பிடித்த நாளிலிருந்து என்னை விட்டுவிட்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதுதான் உண்மை.

டப்பாவை மூடினேன். காகிதத்தோடு எச்.எம். அறைக்குப் போய் மேஜைமேல் வைத்தேன். "மேடம், இத சினேகா சாப்பாட்டுல போடத்தான் கொண்டாந்தேன். போடல. ஆனா அக்டோபர்ல அவ த்ரிசலாவுக்குப் போட்டத நான் கண்ணால பாத்தேன். பாத்தவங்க வேணும்னு கேட்டீங்கல்ல, நான்தான்," என்றேன்.

சினேகாவைக் கூப்பிட்டார்கள். "பொய் சொல்றா மேடம்" என்று கத்தினாள். "எந்தக் கைல உதிர்த்த, எந்தப் பெஞ்சுல வெச்சன்னு சொல்லட்டுமா?" என்று கேட்டேன். எச்.எம். என்னைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். அவளுக்குப் பதினைந்து நாள் சஸ்பென்ஷன், லீடர் பதவி போனது. எனக்கு ஐந்து நாள். வெளியே வரும்போது, "ஒன்ன நான் சும்மா வுட மாட்டேன்டி" என்றாள். "வா, இங்கதான் இருப்பேன்" என்றேன். அப்பா இன்னும் ஆட்டோவை விட்டு வீட்டுக்குள் வரவில்லை.

இதைச் செய்யச் சொன்னது நீ என்று எங்கேயும் சொல்லவில்லை. யோசனை என்னுடையது என்றுதான் சொன்னேன்.

நீ கேட்ட மாதிரி அவள் அழுததை எழுத முடியவில்லை. அழுதது நான்தான்.

வினோதினி


நாமக்கல்
21.12.2025

வினோதினி,

நீ பார்த்தாய் என்று எனக்கு அக்டோபரிலேயே தெரியும்.

அந்த வீடியோவை நாற்பது தடவை பார்த்திருப்பேன். சினேகாவின் கைக்குப் பின்னால் இன்னொரு கை தெரியும், தண்ணீர் பாட்டிலைப் பிடித்தபடி. அதில் நான் பின்னிக் கொடுத்த ஊதாக் கயிறு. எச்.எம்முக்கு அது யார் கை என்று தெரியாது. எனக்குத் தெரியாதா? அன்றைக்கே உன் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன்னைச் சும்மா கூப்பிட்டு விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். அது எனக்குப் போதவில்லை. குழாயடியில் நான் வாந்தி எடுத்தபோது என் முதுகைத் தடவிக் கொடுத்தாயே, அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அதற்காகத்தான் மாலை போடும் நாட்களைத் தேர்ந்தெடுத்தேன். மாலை போட்டவளுக்கு முட்டை கொடுத்தவள் என்று ஊரே உன்னைத் துப்பட்டும், உன் பெயரும் பள்ளிக்கூடத்தில் இருந்து போகட்டும் என்று நினைத்தேன். சினேகா சாப்பாட்டில் கலந்தது நீதான் என்று எச்.எம்முக்கு ஒரு கடிதம் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, தேதி மட்டும் போடாமல் வைத்திருந்தேன். முதல் கடிதத்தில் உன்னை ஒரு கேள்வி கேட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் எச்.எம்முக்கு அப்படி எழுதியிருக்க மாட்டேன். நீ பொய் சொன்னாய்.

நேற்று உன் கடிதம் வந்தது. சினேகாவின் சஸ்பென்ஷனைப் படித்தபோது வயிறு குளிர்ந்தது, மறைக்க மாட்டேன். "யோசனை என்னுடையது" என்ற இடத்தை மட்டும் மறுபடி மறுபடி படித்தேன். அதற்கப்புறம் சாப்பிடப் பிடிக்கவில்லை.

எச்.எம்முக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்றுதான் எடுத்தேன். கிழித்தால் நான் நல்லவளாகிவிடுவேன். அதனால் இதோடு வைத்து அனுப்புகிறேன். என் கையெழுத்து, என் கையொப்பம், எல்லாம் அதில் இருக்கிறது. எச்.எம்மிடம் காட்டு, என் அப்பாவிடம் காட்டு, உன் இஷ்டம். காட்டினால் ஏன் என்று கேட்க மாட்டேன்.

உன்மேல் கோபம் போகவில்லை. சினேகாமேல் இருப்பதைவிட ஜாஸ்தி. புதன்கிழமை லீவுக்கு நம் ஊருக்கு, வேங்கிக்கால் வீட்டுக்கு வருகிறேன். இதோடு வைத்த கடிதத்தைப் படித்த பிறகும் வர வேண்டும் என்று தோன்றினால் ஐந்து மணிக்குள் வா. சேர்ந்து சாப்பிடலாம்.

த்ரிசலா