செயின் கவர்

என் தங்கமே,

கை வலி குறைந்ததா? சித்தி சொல்வதைக் கேட்டு வேளாவேளைக்கு மருந்து சாப்பிடு.

நீ வருவதற்குள் உன் சைக்கிளைச் சுத்தம் செய்து வைக்கலாம் என்று இன்று காலை செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டேன். பழைய பல்தேய்க்கும் பிரஷால் பின்பல்சக்கரத்தைத் தேய்த்தபோது, கறுத்த கிரீஸுக்குள் ஏதோ சிக்கியிருந்தது. ஊசியால் நெம்பினேன். பச்சை நூல். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. உன் துப்பட்டாவின் நூல்.

தலையைத் தூக்கினால், கதவுக்குப் பின்னால் ஆணியில் செயின் கவர் தொங்குகிறது. நீ விழுவதற்கு முதல் நாள் செயினுக்கு எண்ணெய் விட அதைக் கழற்றியவன் நான்தான். "இருக்கட்டும், அப்புறம் மாட்டிக்கலாம்" என்றவனும் நான்தான்.

"நாய் குறுக்க வந்துடுச்சுப்பா" என்றாய் நீ. நான் எதிர்வீட்டுக்காரரிடம் போய், "நாயை அவுத்துவிட்டு எம்பொண்ணு கையை ஒடிச்சிட்டீங்களே!" என்று தெருவே கூடும்படி கத்தினேன். பாவம், அந்த மனுஷர் மன்னிப்புக் கேட்டு, அன்றே நாயைக் கட்டிப்போட்டார். இன்று நான் மன்னிப்புக் கேட்க அவர் வாசல்வரை போய், வாய் வராமல் திரும்பிவிட்டேன். கட்டிக் கிடந்த நாய் என்னைப் பார்த்து வாலாட்டியது.

கவரை மாட்டிவிட்டேன். நாளைக்கு அவரிடம் சொல்லிவிடுவேன்.

ஒன்று மட்டும் சொல். நான் வந்து பார்ப்பதற்குள், ஒடிந்த கையை வைத்துக்கொண்டு அந்தத் துப்பட்டாவை எப்படியம்மா உருவி ஒளித்தாய்?

உன் அப்பா