முன்னறைக்கு இருபது பெண்கள்

சங்கரன்கோவில்,
ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகள் ஜெனிபாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். எனக்கு வந்த காய்ச்சல் போய்விட்டது, மூட்டு வலிக்கு மட்டும் இன்னும் போக மனம் வரவில்லை. அந்தக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எங்கள் இருவருக்கும் எந்நேரமும் நினைப்பு. போன் இருக்க இதென்ன காகிதம் என்று கேட்பாய். போனில் என் முகத்தைப் பார்த்ததும் ஏன்மா டயர்டா இருக்கே என்பாய், நான் வெளிச்சம் சரியில்லை மக்கா என்பேன், அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விடும். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு இதயத்தை அனுப்பிவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்க ஓடிவிடுவாய். அகமதாபாத், தைவான், அப்புறம் என் வாயில் நுழையாத பேருள்ள ஊர்கள் எல்லாம் சுற்றி, இப்போதுதான் ஜனவரி வரைக்கும் லிஸ்பனில் ஒரே விலாசத்தில் இருக்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

பிப்ரவரியில் உனக்குப் பணம் தருகிற பெல்லோஷிப்காரர்கள் நம் வீட்டு முன்னறையில் நீ போட்ட பட்டறையைப் பார்க்க வருகிறார்கள், அன்றைக்கு இருபது பெண்களையாவது கூட்டி வைக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் உனக்கு இன்னொரு வருடம் நீட்டிப்பார்கள், நீ வேறு ஊரிலிருந்து வீடியோவில் சேர்ந்துகொள்வாய் என்று சொன்னாய். பார்க்கலாம் என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டேன் மக்கா, என்னால் முடியாது. ஏன் முடியாது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ அங்கே ஒரு கூட்டத்தில் பேசிய வீடியோவை எதிர்வீட்டு ஜரினாவோடு சேர்ந்துதான் பார்த்தேன். அழகாகப் பேசினாய், தலைமுடியை மட்டும் ஏன் இப்படி வெட்டிக்கொண்டாய் என்று தெரியவில்லை. என் ஊரில் ஒரு திறந்த பட்டறை இருக்கிறது, அதை அந்த ஊர்ப் பெண்களின் கம்யூனிட்டியே நடத்துகிறது என்று நீ சொன்னதும் எல்லாரும் கை தட்டினார்கள். ஜரினாவும் தட்டினாள். தட்டிவிட்டு, அக்கா, நம்ம ஜெனி கம்யூனிட்டி கம்யூனிட்டிங்காளே, அது ஆரு, நீங்களும் நானுமா என்று கேட்டாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு அவள் போனபின்பும் அந்தத் தண்ணீர் நிற்கவில்லை. நீ பொய் சொன்னாய் என்று நான் நினைக்கவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறவளுக்கு அப்படித்தான் தெரியும்.

நீ முன்னறையில் மெஷின்களையெல்லாம் வைத்து, சுவரில் ஸ்க்ரூ டிரைவர்களை வரிசையாக மாட்டி, யார் வேண்டுமானாலும் வந்து செய்யலாம் என்று போர்டு எழுதிவிட்டுப் போனாய். வந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நம் தெருவில் அந்த போர்டைப் படித்தவர்கள் எல்லாரும் டீச்சர் வீட்டில் மிக்ஸி பார்த்துத் தருவார்கள் என்றுதான் புரிந்துகொண்டார்கள். மிக்ஸி, டேபிள் பேன், கிரைண்டர், தறிக்காரர் வீடுகளிலிருந்து என்னவென்றே எனக்குத் தெரியாத இரும்புத் துண்டுகள். எல்லாரையும் வாங்க, உட்காருங்க என்றேன். நீ அந்த உயரமான மேஜையைச் செய்தபோது நாற்காலியே போடக்கூடாது என்று சொன்னாய், நான் அதை ஏதோ அழகுக்காகச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டு நீ விமானம் ஏறிய வாரமே ஹாலிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுபோய் வரிசையாகப் போட்டேன். வீட்டுக்கு வந்தவர்களை நிற்க வைத்தா பேசுவது. வந்து உட்கார்ந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன், டீ கொடுத்தேன். டீ குடித்துக்கொண்டிருக்கிறவள் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நீயே கழற்று என்று எப்படிச் சொல்ல, நீயே சொல்லு. அவர்களும் அப்ப வச்சிட்டுப் போறேன் டீச்சர், நாளைக்கு வாங்கிக்கிடுதேன் என்று எழுந்து போய்விடுவார்கள். மிக்ஸி என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

முதலில் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் மூன்று வருடம் பிசிக்ஸ் படித்தேன், ஒரு மோட்டாரைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. வீடியோ பார்த்துப் பார்த்து முதல் மிக்ஸிக்குக் கார்பன் பிரஷ் மாற்றி அது ஓடினபோது அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். உன் த்ரீடி பிரிண்டரில் சங்கரம்மாள் குக்கருக்குப் பிளாஸ்டிக் கைப்பிடிகூடச் செய்து கொடுத்தேன். அவள் மறுநாளே அதைத் தூக்கிக்கொண்டு வந்து, டீச்சர், உங்க மெஷின் பிடி அடுப்பைக் கண்டதும் வெக்கப்பட்டுத் தலையைத் தொங்கப் போட்டுட்டு என்றாள். அதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்தில் ஏழு பீரியட் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் செருப்பு கிடக்கும். அப்பா வேலை முடிந்து குருவிகுளத்திலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வந்து, உள்ளே போக டோக்கன் வாங்கணுமா, இல்ல டாக்டரம்மாவ நேராப் பார்க்கலாமா என்று கேட்பார். சிரிக்கத்தான் கேட்கிறார், ஆனால் அவருக்கும் பசி. பரீட்சைப் பேப்பரை வைக்க இடமில்லாமல் கிரைண்டர் கல்லின் மேல் வைத்துத் திருத்தியிருக்கிறேன். இப்போதெல்லாம் வாசலில் செருப்பைப் பார்த்தாலே பின்வாசல் வழியாகப் போய்விடலாமா என்று தோன்றுகிறது. என் சொந்த வீட்டுக்குள் மக்கா.

போன மாதம் மழையில் எனக்குக் காய்ச்சல் வந்ததல்லவா, அந்தச் சனிக்கிழமை நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. உள்ளறையில் படுத்திருந்தேன். ஜரினா மகள் ஆயிஷா சித்திகாவுக்கு நிச்சயம் என்று நாற்காலிகளையெல்லாம் கடையநல்லூருக்கு வண்டியில் ஏற்றிக் கொண்டு போயிருந்தார்கள். வாசலில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள் என்று, நிச்சயம் முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்த ஜரினாவே முன்னறையைத் திறந்துவிட்டாள். நாற்காலிகள் இன்னும் வந்து சேரவில்லை, உட்கார ஒன்றும் இல்லை. எல்லாரும் அந்த மேஜையைச் சுற்றி நிற்கிறது கதவு வழியாக எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் பேசினார்கள், ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றார்கள். கடைசியில் தறிக்காரத் தெரு கோகிலா, டீச்சர், நின்னு நின்னு காலு கடுக்கு, இந்த மிக்ஸிய நானே கழட்டட்டா என்று சத்தம் போட்டாள். முதலில் பிளக்கைப் பிடுங்கு என்று படுத்த இடத்திலிருந்தே கத்தினேன். பிளக்கே இல்லியே, ஒயரு தான இருக்கு என்றாள். அப்படியே ஒவ்வொன்றாக நான் சொல்லச் சொல்ல அவள் கழற்ற, இன்னொருத்தி டார்ச் அடிக்க, ஜரினா தூரத்தில் நின்று ஏட்டி ஷாக்கு அடிக்கும், ஷாக்கு அடிக்கும் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மிக்ஸி ஓடிற்று. ஒரு ஸ்க்ரூ மிச்சம். அது கம்பெனிக்காரன் சேத்துப் போட்டிருப்பான் என்று கோகிலா அதை என் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள், இன்னும் அங்கேதான் இருக்கிறது. நடுவில் யாரோ என் அடுப்படிக்குள் போய்ச் சீனி எங்கே என்று கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எனக்கும் ஒரு டம்ளர் டீ வந்தது. இந்த வீட்டில் எனக்கு ஒருவர் டீ போட்டுக் கொண்டுவந்து தந்தது எப்போது என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

அடுத்த வாரம் நாற்காலிகள் திரும்பி வந்துவிட்டன. ஜரினா துடைத்து வரிசையாகப் போட்டாள். வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், நானும் வாங்க, உட்காருங்க என்றேன். வாய் தானாகச் சொல்கிறது. நாற்காலியை ஒளித்து வைத்தாலும் ஹாலிலிருந்து இன்னொன்றை நானே எடுத்து வருவேன், எனக்கு என்னைத் தெரியும். இது என் வீடாக இருக்கிறவரை வருகிறவர்கள் விருந்தாளிகள்தான். நீ கேட்ட இருபது பேரை நான் கூப்பிட்டால் வருவார்கள், எனக்காகப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வருவார்கள், நான் கேசரி கிண்ட வேண்டும். ஒருத்தியும் ஸ்க்ரூ டிரைவரைத் தொடமாட்டாள். உன் பெல்லோஷிப்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள், உனக்கு இன்னொரு வருடம் கிடைக்கும், எனக்கும் இதே போல் இன்னொரு வருடம் கிடைக்கும். அது எனக்கு வேண்டாம்.

ஜரினாவின் அண்ணன் மைதீன் பாட்சாவின் ஜவுளிக் கடைக்கு மேலே ஒரு ரூம் சும்மா கிடக்கிறது. பட்டறையை அங்கே மாற்றலாமா என்று கேட்டேன், எடுத்துக்கிடுங்க, மேல எலிதான் குடியிருக்கு என்றார். சாவியை நாங்க வச்சிக்கிடுதோம் என்று கோகிலாவும் ஜரினாவும் சொல்லியிருக்கிறார்கள். இப்போதைக்கு அவ்வளவுதான், இரண்டு பேர். பெல்லோஷிப்காரர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் நீ வா. மெஷின்களை நீயே இறக்கி நீயே மேலே ஏற்று. இருபது இல்லை, இரண்டுதான், இப்போதுதான் தொடங்குகிறது என்று நீயே அவர்களிடம் சொல்லு. அதைக் கேட்டு அவர்கள் நீட்டிக்காமல் போனாலும் போகலாம், அது உனக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால் கட்டாயப்படுத்தவில்லை. வர முடியாது என்றால் பிப்ரவரியில் முன்னறையைப் பூட்டிவிடுவேன். எதையும் தூக்கி எறியமாட்டேன், தூசி படாமல் சேலை போர்த்தி வைப்பேன், போர்டை மட்டும் கழற்றிவிடுவேன். கோபத்தில் எழுதவில்லை. களைப்பில் எழுதுகிறேன், அது வேறு.

கிறிஸ்மஸுக்கு ஸ்டார் கட்ட அப்பா போன வருடத்து ஒயரையே நோண்டிக்கொண்டிருக்கிறார், என்னிடம் கேட்க ரோஷம். காலுக்குச் சாக்ஸ் போடாமல் நடக்காதே. இரும்பு அறுக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள், முடியையாவது கட்டிக்கொள், கட்டுகிற அளவு இருந்தால்.

நீ போகிற ஊரெல்லாம், உன் கை தொடுகிற வேலையெல்லாம் ஆண்டவர் கூடவே இருந்து காப்பாராக. நீ வந்தால் அந்த மாடி ரூமில் நாற்காலியே போடவேண்டாம், எனக்கு மட்டும் மூலையில் ஒன்று போடு. நான் அங்கே விருந்தாளியாக வருவேன், ஒன்றையும் தொடமாட்டேன், உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். யாராவது டீ கொண்டுவந்து தரட்டும். எனக்குச் சீனி பாதிதான், மறந்துவிடாதே.

உன் அன்பு அம்மா,
எஸ்தர் மாணிக்கராஜ்