ஆளில்லாத ஊர்

என் வாயாடிக்கு,

உன் பூப்போட்ட நைட்டியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். துவைக்கும் இயந்திரம் எனக்கு அடங்கவில்லை.

நம் மேய்ச்சல் நிலத்தைத் தோண்டும் ஆராய்ச்சிக்காரர்கள் பழைய வீட்டு அடித்தளங்களைக் கண்டார்களாம். உடனே நம் வாசலருகே பலகை நட்டுவிட்டார்கள்: ‘கைவிடப்பட்ட இடைக்கால ஊர். அறுநூறு ஆண்டுகளாக யாரும் வாழவில்லை.’

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அப்ப நான் யாரு, பேயா?” என்றேன்.

“கோவிச்சுக்காதீங்க மிஸ்டர் டக்வெல். நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க?” என்றாள் அவர்களின் தலைவி விட்லாக்.

“ஒருத்தனா? என் பொண்டாட்டி நாரிச்சுல அக்கா வீட்டுக்குப் போயிருக்கா. வந்துடுவா! பிடுங்கும்மா பலகையை!”

நீ போனது கிறிஸ்துமஸில் என்பதையும் இது ஆகஸ்ட் என்பதையும் சொல்லவில்லை.

கத்திக்கொண்டே பின்னால் நகர்ந்ததில் குழிக்குள் விழுந்தேன். இடது பூட்ஸ் சேற்றில் புதைந்துவிட்டது. அவர்கள் அதைத் தோண்டியெடுத்து, பழம்பொருளுக்குப் போடுவதுபோல எண் எழுதி, பையில் போட்டார்கள்.

உன் வீட்டுக்காரன்