இடது பக்கத்து மங்கல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். அண்ணியின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? குளிர் இறங்கிவிட்டால் வலி கூடும் என்று போன மாதம் சொன்னார்கள். வீட்டுக்குள்ளேயாவது நடக்கச் சொல்லுங்கள்.

இவர் அனுப்பிய பார்சலும் இந்தக் கடிதமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் உங்கள் கைக்கு வரும். உள்ளே ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடிக் குழாய் வால்வுகள் நான்கு இருக்கும், பழைய ஜோடி ஒன்று, புது ஜோடி ஒன்று. பஞ்சில் சுற்றி, அதன் மேல் பழைய பனியனைச் சுற்றி வைத்தார். எங்கள் மகளை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்தபோதுகூட மனுஷன் இவ்வளவு பத்திரம் பார்க்கவில்லை. உங்கள் மீட்டரில் சோதித்துச் சொல்லும்படி எழுதியிருப்பார். நான் தனியாக எழுதுவது அவருக்குத் தெரியாது. இரண்டு தடவை போனில் உங்கள் எண்ணை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டு கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்துபோய் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் குனிந்தார். இடது பக்கம் மங்கலாக இருக்கிறதாம், வயலினில் அந்தக் கூர்மை இல்லையாம். "உனக்கும் கேக்குதா?" என்றார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "ஆமா, கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கு" என்று சொல்லிவைத்தேன்.

எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை அண்ணா. நான் பாட்டையே கவனிக்கவில்லை. இருபத்தோரு வருஷமாக "உனக்கு எங்க காது இருக்கு?" என்று கேலி செய்பவர் அவர். நீங்களும் உங்கள் சிநேகிதரோடு சேர்ந்துகொண்டு, "தங்கச்சிக்குக் கச்சேரியும் குக்கர் விசிலும் ஒண்ணு" என்பீர்கள். அன்றைக்கு நான் ஆமாம் என்றதும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "அடேயப்பா, உனக்கே கேட்டுடுச்சா! அப்ப வால்வுதான்" என்றார். அன்றிலிருந்து பாட்டு போடும்போதெல்லாம் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

வால்வுக்கு வயதாவது ஒரே நாளில் தெரியாது என்று நீங்கள்தான் ஒருமுறை எனக்கு விளக்கினீர்கள். உள்ளே இருக்கும் பூச்சு சூட்டில் தேய்ந்து தேய்ந்து, சத்தம் இம்மி இம்மியாக மங்கும். தினமும் கேட்பவருக்கு அந்த மங்கலே பழகிவிடும். புதிது மாட்டும்போதுதான் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும் என்றீர்கள். அவர் புது ஜோடி வாங்கி மாட்டினார். ஒன்றும் மாறவில்லை. புது வால்வு பழக நூறு மணி நேரமாவது ஓட வேண்டும் என்று பொறுத்திருந்தார். நூறும் ஆனது.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டார். இடது வால்வை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போட்டார். கோளாறு வால்வில் என்றால் மங்கலும் அதோடு வலது பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒயர்களை மாற்றினார். ஸ்பீக்கர்களை இடம் மாற்றினார். மங்கல் இடது பக்கத்தை விட்டு நகரவில்லை.

போன மாதம் ஒரு நாள் கடையிலிருந்து வந்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அப்படி உட்கார்ந்தால் வலது ஸ்பீக்கர் இடது காதுப் பக்கம் வந்துவிடும். அப்போதும் இடது பக்கமே மங்கினால் கோளாறு மெஷினில் இல்லை. எனக்கு அது உறைக்கக் கொஞ்சம் நேரமானது. அவருக்கு ஏற்கெனவே உறைத்துவிட்டது என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. பாட்டை நிறுத்திவிட்டு என்னிடம் வந்து, "நிஜமா சொல்லு, உனக்கும் மங்கலாத்தான் கேக்குதா?" என்றார்.

அப்போது இல்லை என்று சொல்லியிருந்தால் மறுநாளே டாக்டரிடம் போயிருப்பார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. "கேக்குதே" என்றேன். பெருமூச்சு விட்டார். "அப்ப மெஷின்லதான் கோளாறு. எதுக்கும் நாலையும் அவன்கிட்ட அனுப்பிப் பாத்துடுவோம்" என்று உங்களைச் சொன்னார். முதல் தடவை சொன்னதை நான் பொய் என்றே நினைக்கவில்லை. இரண்டாவது தடவை தெரிந்தே சொன்னேன்.

இப்போதெல்லாம் போனை வலது காதில்தான் வைக்கிறார். தெருவில் என்னை வலது பக்கம் வரச் சொல்கிறார், வெயிலாம். போன செவ்வாய்க்கிழமை மாடிப்படியில் தடுமாறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்டதற்கு, செருப்பு வழுக்கியது என்றார். வெறுங்காலில் இருந்தார் அண்ணா.

நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு எதிரில் ஒரு காது டாக்டர் இருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் போய்க் கேட்டேன். வயதால் வருவதென்றால் பெரும்பாலும் இரண்டு காதும் சேர்ந்தே மங்கும், ஒரு காது மட்டும், கூடவே தடுமாற்றமும் என்றால் உள்ளே ஏதாவது வளர்ந்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் விடக் கூடாது என்றார். எட்டு மாதமாக இருக்கிறது என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க?" என்றார்.

வீட்டில் டாக்டர் பேச்சை எடுத்தாலே, "முதல்ல அவன் பதில் வரட்டும்" என்கிறார். உங்கள் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் நாளைத் தள்ளுகிறார்.

நீங்கள் இளகிய மனசுக்காரர். மீட்டர் நன்றாகக் காட்டினாலும், "ஒண்ணு லேசா தளர்ந்திருக்குடா" என்று ஆறுதலுக்குச் சொல்லிவிடுவீர்கள். தயவுசெய்து வேண்டாம். நான் காட்டிய அன்பே போதும். பழைய ஜோடி தேய்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆனால் புது ஜோடியில் குறையில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். பார்சல் வந்த அன்றைக்கே போன் செய்யுங்கள். இருபத்தாறாம் தேதி காலை பத்தரைக்கு ஸ்கேனுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அதற்கு முன்னால் கிடைக்கவில்லை.

என் பொய்யை நான்தான் சொல்ல வேண்டும். நேற்று சாப்பாடு முடிந்ததும் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து, மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டே இருந்தார். வேண்டுமென்றேதான் அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். இன்றைக்கு எதிரில் உட்கார்ந்து சொல்லப் போகிறேன்.

நீங்கள் போன் செய்யும்போது என்னைத் திட்டித் தீர்ப்பார். முடிக்கிறவரை கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் எனக்காகப் பேசாதீர்கள். அவர் ஓய்ந்த பிறகு, இருபத்தாறாம் தேதி அவளோடு போய்விட்டு வாடா என்று மட்டும் சொல்லுங்கள். இனி என் பேச்சை எப்படி நம்புவாரோ தெரியவில்லை. உங்கள் பேச்சை நம்புவார்.

உங்கள் இருவருடைய உடம்புக்கும் ஒரு குறையும் வரக் கூடாது என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் தங்கை