மழை அளந்த பிள்ளைக்கு வந்த பெட்டி

அன்புள்ள மகள் அஜிலோங்குக்கு,

உகாண்டா, கூமியிலிருந்து அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நாங்கள் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த அயர்லாந்துக் குளிரில் நீயும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, ஆனாலும் நிலக்கடலை பிடுங்க நானே போவேன் என்று பிடிவாதம். சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. தங்கச்சி அகிட்டெங் ஏன் போனை எடுப்பதில்லை என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய். ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்கிறாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். முழுதாகப் படி.

உன் வகுப்புப் பிள்ளைகளும் நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளும் கம்ப்யூட்டரில் ஒருவரையொருவர் பார்த்துப் பேசி, இரண்டு ஊர் மழையையும் அளந்து ஒப்பிடுகிற திட்டம் என்று நீ ஏற்பாடு செய்தபோது எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அகிட்டெங் ஏழு வாரம் ஒருநாள் தவறாமல் விடிந்ததும் ஓடி மழைமானியைப் பார்த்து எழுதினாள். ஆங்கிலம் நன்றாக வருகிறது என்று தலைமையாசிரியர் ஒக்வாலிங்கா அவளையே பேச வைத்தார். முதல் வியாழக்கிழமை திரையில் உன் முகத்தைப் பார்த்ததும் பிள்ளை அக்கா என்று கத்தியிருக்கிறாள். நீ சிரிக்கக்கூட இல்லையாம். "இங்க டீச்சர்னு கூப்பிடு" என்றாயாம். வீட்டுக்கு வந்து, "வேலை செய்ற இடம்மா, அப்படித்தான் இருக்கணும்" என்று உனக்காக அவள்தான் எங்களிடம் வாதாடினாள்.

ஐந்தாவது வாரம் உன் வகுப்புப் பையன் ஒருவன் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டான். ராத்திரி பெய்த மழையைப் பார்க்கிற அவசரத்தில் அன்று அவள் கூழ் குடிக்காமல் ஓடியிருந்தாள், சட்டி நிறையக் கேழ்வரகுக் கூழ் இருந்தது, பின்னாலேயே நான் கூப்பிட்டேன். அவள் உள்ளதைச் சொன்னாள், ஒன்றும் சாப்பிடவில்லை என்று. உன் பிள்ளைகள் உச்சுக்கொட்டினார்கள். நம் வீட்டில் கூழ் இல்லாத காலை கிடையாது என்று உனக்குத் தெரியாதா? அந்தக் கூழைக் குடித்துத்தானே நீ டீச்சர் ஆனாய். ஒரு வார்த்தை சொன்னாயா? அடுத்த வாரமே உங்கள் பள்ளியின் இணையப் பக்கத்தில் அவள் படம், கீழே 'பசித்த வயிற்றோடு மழை அளக்கும் சிறுமி'. ஒக்வாலிங்கா போனில் காட்டினார். அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, "நான் எம்புள்ளைய பட்டினி போட்டேனாமா?" என்று மட்டும் கேட்டார். அதிலிருந்து அவர் கோயிலுக்கு வருவதில்லை.

பிறகு பெட்டி வந்தது. பள்ளிக்கூடமே கூடி நிற்க அதைப் பிரித்தார்கள். பிஸ்கட், பழைய செருப்பு, வேறொரு பிள்ளையின் பெயர் தைத்த கம்பளிச் சட்டை. அன்றைக்கு ஆரம்பித்தது, இன்னும் ஓயவில்லை. "ஏ பட்டினி, கூழ் குடிச்சியா? கூடப் பொறந்தவளே உன்னைப் பிச்சைக்காரின்னு போட்டுட்டாளாமே!" கூடப் படிக்கிற பிள்ளைகள் வழியில் மறித்துக் கேட்கிறார்கள். அவள் இப்போது பருத்திக்காடு சுற்றித்தான் பள்ளிக்குப் போகிறாள். மழைமானியிடம் போவதே இல்லை.

போன வியாழன் உன் வகுப்புக்கு நன்றி சொல்ல அவளைக் கூப்பிட்டார்கள். போகாதே என்றேன், போனாள். அங்கே நடந்ததை வந்து சொன்னாள், சொல்லும்போது அழவில்லை. அன்று மட்டும் மழைமானியைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். ஆங்கிலத்தில், இன்று மழை ஆறு மில்லிமீட்டர், காலையில் கூழ் குடித்தேன், தினமும் குடிப்பேன் என்றாளாம். பிறகு உன்னைப் பார்த்து நம் பேச்சில், "எனக்கு அக்கா கெடையாது" என்றாளாம். உன் பிள்ளைகள் அவள் என்ன சொன்னாள் என்று உன்னைக் கேட்டார்கள். "ரொம்ப நன்றின்னு சொல்றா" என்றாய். அவர்கள் கைதட்டினார்கள். தட்டி முடிக்கிறவரை அவள் அங்கேயே நின்றாள்.

அந்தத் திட்டத்துக்காக உனக்கு ஏதோ விருது கொடுத்தார்கள் என்று உன் சிநேகிதி சொன்னாள். வைத்துக்கொள். அந்தப் படத்தை எடு. அவள் யார் என்று உன் வகுப்பில் நின்று சொல். அதுவரை போன் செய்யாதே, சாமான் எதுவும் அனுப்பாதே.

உடம்பைப் பார்த்துக்கொள், ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீ நல்லா இருக்கணும் என்று தினமும் ஜெபிக்கிறேன், அதை நிறுத்த மாட்டேன். ஊரில் எல்லோரும் மூத்தவள் பெயரைச் சொல்லி, அவளுடைய அம்மா என்றுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அப்படிக் கையெழுத்துப் போட இன்று கை வரவில்லை.

இப்படிக்கு,
அகிட்டெங்கின் அம்மா