பேராசிரியர் சொன்ன பொய்

நவம்பர் 10, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. உட்லண்ட்ஸில் பஸ்ஸுக்கு இருபது நிமிடம். குடை மடங்கிப் போனது, செருப்பு முழுக்க ஈரம்.

8.40. துறைத் தலைவர் டாக்டர் லிம் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். அப்போதே தெரிந்துவிட்டது.

"கலா, ரூலாஃப் நேத்துப் போயிட்டார். ஹாஸ்பிஸ்ல. தூக்கத்துலயே."

பேரா. ரூலாஃப் டெர்பெக். வயது 76. டச்சுக்காரர். சிங்கப்பூரில், இந்த உடற்கூறியல் துறையில் 31 வருடம். அதில் 23 வருடம் நான் அவருடைய டெக்னீஷியன். இறந்தவர்களைக் கழுவி, பதப்படுத்தி, வகுப்பு மேசையில் கொண்டு வைப்பது என் வேலை. மேசைக்கு மறுபக்கம் நின்று பாடம் நடத்துவது அவர் வேலை.

உடலை நமக்கே எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

"உனக்குக் கஷ்டமா இருக்கும். வேற காலேஜுக்கு அனுப்பிடலாம்" என்றார் லிம்.

"வேணாம் டாக்டர். நான்தான் செய்யணும்னு என்கிட்ட கேட்டிருக்கார்."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன்."

இரண்டு வருடம் முன்பு, அவருடைய பிரிவு விருந்தில். கையில் வடையோடு. விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

மகள் புதன்கிழமை வருகிறார். அதுவரை குளிரறை. வெள்ளிக்கிழமை நினைவுக் கூட்டம், அவர் வாழ்க்கையை ஒரு பக்கத்தில் நான் எழுதிப் படிக்க வேண்டும்.

மதியம் வண்டி வந்தது. பெயர்ச்சீட்டை மட்டும் சரிபார்த்தேன். பையைத் திறக்கவில்லை.

வாங்க: பால், சாம்பார்த்தூள், சேகருக்கு பிரஷர் மாத்திரை.

நவம்பர் 11, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். அந்த ஒரு பக்கத்துக்குக் குறிப்பு:

கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு சின்ன ஊர். அப்பாவுக்குப் பன்றி இறைச்சிக் கடை. "என் முதல் வாத்தியார் எங்கப்பா கடைப் பன்றி" என்பார் வகுப்பில். மலாய் மாணவர்கள் இருந்தால் பன்றி ஆடாகிவிடும்.

இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தவர். மனைவிக்கு இந்த வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, மகளோடு திரும்பிவிட்டார். இவர் போகவில்லை.

மனிதக் கைதான் அவர் படிப்பு. விரல் மடக்கும் தசைநாண்கள் பற்றிப் பாடநூல். தேக்கா மார்க்கெட்டில் காலைத் தோசை, பக்கத்து மேசைக்காரர் பிய்ப்பதையே பார்த்துக்கொண்டிருப்பார். "கட்டைவிரலைப் பாரு கலா, என்ன அழகு!" எனக்கு மானம் போகும்.

தமிழ் மூன்று வார்த்தை. சாப்டாச்சா. போதும். அடடா.

யாரும் கேட்டு வராத உடல்களை வாங்குவதை நிறுத்தினார். உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்தவர்கள் மட்டும்.

இந்த இடத்தில் நின்றுவிட்டது. ஏன் நிறுத்தினார் என்று எழுதினால் நானும் அதில் வருவேன்.

3 மணி. அவருடைய பழைய அறையில் நாற்காலி இழுக்கும் சத்தம். பூட்டிய அறை, சாவி என்னிடம். திறந்தேன். யாருமில்லை. நாற்காலி ஜன்னலைப் பார்த்தபடி. முன்பும் அப்படித்தான் இருந்ததா? ஞாபகமில்லை.

ஏர்கான் சத்தமாகத்தான் இருக்கும்.

ரயிலில் எழுதுகிறேன். பீஷானில் உட்கார இடம் கிடைத்தது. இதை யாரும் படிக்கப்போவதில்லை, எழுதிவிடலாம்.

வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது மாதம். இன்னும் நிரந்தரமாகவில்லை. கிராஞ்சி ரோட்டோரத்தில் விழுந்து கிடந்த ஆள், முப்பது வயது இருக்கும். கையில் ஒரு காகிதமும் இல்லை. யாரும் தேடி வரவில்லை என்று எங்களிடம் வந்தார். கழுவும்போது இடது முன்கையில் பச்சை குத்தியிருந்தது. தமிழ். 'சரசு'. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஓர் ஊர்.

பேரா. குனிந்து பார்த்தார். "என்ன எழுதியிருக்கு கலா?"

"பொம்பள பேர் சார்."

"வேற? இதை வச்சுத் தேட முடியுமா?"

"வேற ஒண்ணுமில்ல. சரசுன்னா ஆயிரம் பேர் இருப்பாங்க."

ஊரைச் சொன்னால் கிராஞ்சியில் தொழிலாளர் விடுதி விடுதியாக விசாரிக்க என்னைத்தான் அனுப்புவார்கள். அவர்கள் இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த ஊர்க்காரர்கள், நாங்கள் இங்கேயே பிறந்தவர்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த ஆண்கள் கூட்டத்தில் போய் நின்று பேசக் கூச்சம். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாலு மாதம் கழித்து அவருடைய அண்ணன் வந்தார். சட்டைப் பையில் தம்பியின் போட்டோ. பெர்மிட் முடிந்து ஒளிந்து வேலை செய்துகொண்டிருந்தவராம் தம்பி, அதனால்தான் யாரும் போலீசுக்குப் போகவில்லை. சரசு என்பது தம்பியின் மகள், நாலு வயது.

அதற்குள் தம்பியின் உடலை வைத்தே கை வகுப்பு முடிந்திருந்தது.

பேரா. எதையும் மறைக்கவில்லை. உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார், நான் தமிழாக்கினேன். அண்ணன் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "கையிலயே ஊர் பேரு இருந்துச்சே. தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்க ஒருத்தர் கூடவா இங்க இல்ல?"

அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். பேரா. என்னைப் பார்த்தார். பச்சையில் ஊர் பேரும் இருந்தது என்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு, "அன்னிக்கு யாரும் இல்லன்னு சொல்லு. நான் விசாரிக்கல. தப்பு என்னோடது."

"யாரும் இல்லண்ணே" என்றேன். என் வாயால்.

பிறகு ஒரு நாளும் அதைப்பற்றிப் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அஸ்தியை அண்ணனோடு ஊர்வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். வந்த வாரமே, கேட்பாரற்ற உடல் இனி வேண்டாம் என்று மேலிடத்தோடு சண்டை. இரண்டு வருடம் வெறும் பொம்மைகளை வைத்து வகுப்பு. பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது.

உட்லண்ட்ஸ் தாண்டிவிட்டேன். அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்ப வேண்டும்.

நவம்பர் 12, புதன்

மகள் வந்தார். ஆன்னெகா. நாற்பத்தைந்து இருக்கும். அப்பாவின் மூக்கு அப்படியே.

அப்பாவை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறார். "முப்பது வருஷம் உங்களுக்குத்தானே குடுத்தார்? உடம்பாவது எங்களுக்கு வேணாமா?" குடும்பத்துக்கு விருப்பமில்லை என்றால் வற்புறுத்தமாட்டோம் என்றார் லிம்.

அப்பா சாப்பிட்ட இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். தேக்காவுக்கு அழைத்துப் போனேன். தீபாவளி வளைவுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள், சிராங்கூன் ரோட்டில் பாதி மயில் தொங்கியது. தோசைக் கடை அக்கா, "ப்ரொஃபெசர் எங்க, ஆளையே காணோம்லா?" என்றார். சொன்னேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஆன்னெகாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆன்னெகா தோசையைத் தொடவில்லை. "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவார். எப்ப வருவீங்கன்னு கேட்டா, இங்க ஒரு வேலை பாக்கி இருக்குன்னு சொல்வார். என்ன வேலை அது?"

"தெரியாது" என்றேன்.

மறுபடியும்.

நவம்பர் 13, வியாழன்

தூக்கமில்லை. ரயிலில் கம்பியைப் பிடித்திருந்த ஒரு கையில் பச்சை. எட்டிப் பார்த்தேன். புலி.

காலையில் சேகரிடம் முதல் தடவையாக எல்லாம் சொன்னேன். 25 வருடம் கூட வாழ்ந்த புருஷனுக்குத் தெரியாத சங்கதி. காப்பியைக் கீழே வைத்தார். "ரிட்டயர் ஆக எட்டு மாசம் இருக்கு. அவரே மூடின விஷயம். நீ ஏன் தோண்டுறே?" கொஞ்சம் கழித்து, "சொல்லாம உன்னால இருக்க முடியாதுன்னா சொல்லிடு."

11 மணி. ஆன்னெகா அப்பாவைப் பார்க்கக் கேட்டார். குளிரறையிலிருந்து எடுத்து முகம் மட்டும் திறந்து வைத்தேன். நானும் இப்போதுதான் பார்க்கிறேன். மெலிந்திருந்தார். வாய் லேசாகத் திறந்து, ஏதோ சொல்ல வந்த மாதிரி.

அவர் முன்னாலேயே ஆன்னெகாவிடம் சொன்னேன். பச்சை, ஊர், அண்ணன், யாரும் இல்லண்ணே, எல்லாம்.

ஆன்னெகா முகம் சிவந்துவிட்டது. "அந்த ஆளப்பத்தி என்கிட்டயும் சொல்லியிருக்கார். விசாரிக்காம விட்டுட்டேன்னு சொல்லிச் சொல்லி அழுவார். என்கிட்ட கூட உங்க பேரை எடுக்கல. உங்க தப்புக்கு எங்கப்பா இங்கயே கிடந்தார்."

"ஆமா."

"என் கல்யாணத்துக்குக் கூட வரல."

வெளியே போய்விட்டார். நான் பேராசிரியரோடு தனியாக. பின்னால் யாரோ நின்று மூச்சு விடுவது போல் இருந்தது. திரும்பவில்லை. திரும்பத் தைரியமில்லை.

ஒரு மணி நேரம் கழித்து ஆன்னெகா வந்தார், கண்கள் வீங்கி. "அவர் கேட்ட மாதிரியே செய்யுங்க. உங்களுக்காக ஒத்துக்கல."

"தெரியுது."

"உங்களையே ஏன் செய்யச் சொன்னார்?"

"தெரியல."

"எனக்கும் தெரியல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

நவம்பர் 14, வெள்ளி

காலை 7. நானே செய்தேன். யாரையும் உள்ளே விடவில்லை. எல்லாரிடமும் சொல்வதுபோல் சொல்லிச் சொல்லிச் செய்தேன். "சார், தண்ணி சில்லுன்னு இருக்கும். சார், இப்ப தொடையில ஒரு சின்ன வெட்டு." விரல்களைக் கழுவும்போது மட்டும் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் நான் எழுதிய பக்கத்தை லிம் படித்தார். மூன்றாவது பத்தியில் நிறுத்தினார். "இது வேணாம் கலா. இத்தனை வருஷம் கழிச்சு யாருக்கு என்ன பிரயோஜனம்?"

4 மணி. கூடம் நிறைய ஆட்கள். அந்தப் பத்தியையும் படித்தேன். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருத்தி அன்றைக்கு இருந்தாள், அது நான், அவர் சொன்ன பொய் எனக்காக, என்று.

கைதட்டல் இல்லை. ஒரு மாணவி மூக்கை உறிஞ்சினாள். லிம் என் பக்கம் பார்க்காமல், "திங்கட்கிழமை நிர்வாகத்துல பேசணும்" என்றார்.

நவம்பர் 16, ஞாயிறு

மறுபடி மழை. துணி காயவில்லை.

நேற்று ஆன்னெகா விமானம் ஏறும் முன் மெசேஜ். அப்பாவின் போனில் ஓர் இந்திய நம்பர் இருக்கிறதாம், வருடா வருடம் பொங்கலன்று பேசியிருக்கிறாராம். 'அந்த அண்ணன் என்று நினைக்கிறேன். இனி உங்கள் வேலை.'

மூன்று வார்த்தைத் தமிழை வைத்துக்கொண்டு 25 பொங்கலுக்கு என்ன பேசியிருப்பார்?

மாலை 5. சேகர் டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நம்பரை அழுத்தினேன். நாலாவது மணியில் எடுத்தார். கிழக்குரல்.

"யாரும்மா?"

"சிங்கப்பூர்லேர்ந்து பேசுறேண்ணே. அன்னிக்கு உங்களுக்குத் தமிழ்ல சொன்ன பொண்ணு."

பேரா. போய்விட்டதைச் சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன். ஊர் பேரைப் படித்தேன் என்று. படித்துவிட்டுச் சொல்லவில்லை என்று.

கட் ஆகிவிட்டது என்று நினைத்தேன். இல்லை. எங்கோ கோழி கத்துவது கேட்டது.

"இதை என்கிட்ட சொல்லி என்னம்மா ஆவுது" என்றார். "அப்பன் மூஞ்சியப் பாக்காம வளந்தவ அவ. இங்கதான் நிக்கிறா. அவகிட்டயே சொல்லு."

பிறகு கொஞ்சம் தள்ளி, அவர் குரல். "சரசு, இந்தா, வாங்கு."